பயந்தால் இடது கை!

சென்ற இதழில் வற்றல் வடாம் சமாச்சாரம் எழுதிவிட்டு, இந்த இதழில் மோட்டார் சைக்கிள் கிளட்ச் பற்றி எழுதப் போகிறேன் என்றால், "இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பக்கத்தை மட்டும் புரட்டிவிடாதீர்கள். இதுவும் வீட்டு விஷயம்தான், சகோதரிகளே. குழந்தையின் காய்ச்சல் மருந்தில் ஆரம்பித்த விஷயம்.

எங்கள் வீடு எடப்பாடி டவுனிலிருந்து நாலு கிலோ மீட்டர் தள்ளி, காட்டுக்குள் இருக்கிறது. காடு என்றால் புலி, கரடி இருக்கும் காடு இல்லை. எங்கள் பக்கத்தில் நிலக்கடலையும் சோளமும் போடுகிற மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். வீட்டை ஒட்டி ஒரு தறிப்பட்டறை. வாசலில் மாமனார் காலத்து நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்று. எனக்கென்று ஒரு மொபெட்.

தைப்பூச சமயத்தில் எடப்பாடியிலிருந்து காவடிக் கூட்டம் பழனிக்குப் பாதயாத்திரை போவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மலைமேல் இரவு தங்கும் உரிமையும், அங்கேயே கிளறுகிற பஞ்சாமிர்தமும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய பெருமை. போன வருஷம் என் வீட்டுக்காரரும் போயிருந்தார். வீட்டில் நான், மாமியார், மூன்று வயது மகன்.

அன்று இரவு ஒன்பதரை இருக்கும். பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தெர்மாமீட்டர் 103 காட்டியது. பாராசிட்டமால் சிரப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தால் அடியில் பிசுக்கு மட்டும் ஒட்டியிருக்கிறது! டவுனில் மருந்துக் கடை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் மொபெட்டோ அன்று பார்த்து மெக்கானிக் ஷெட்டில்.

கையில் பணம் இருந்தது. வாசலில் வண்டி இருந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் என் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். அவர் அங்கிருந்து கிளம்பி, வழியில் மருந்து வாங்கிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தோம். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பையன் எழுந்ததும், "அம்மா, பசிக்குது" என்றான். அவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் மனசிலிருந்து இறங்கவே இல்லை.

"உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது கியர் இல்லாத வண்டி. நம் பெண்களில் பெரும்பாலோர் அப்படித்தான். 1972-ல் லூனா வந்தது. 1980-ல் ஒசூரில் டி.வி.எஸ். 50 பிறந்தது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும் என்கிற அந்தச் சௌகரியம் எத்தனையோ பெண்களை பஸ் ஸ்டாப்பில் தவம் கிடப்பதிலிருந்து காப்பாற்றியது. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க அரசாங்கம் மானியம் தந்ததே, அதுவும் கியர் இல்லாத வண்டிகளுக்கும் தானாகவே கியர் மாறும் வண்டிகளுக்கும்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் இரண்டு வண்டிகளில் "இது உன்னுது, அது அவருது" என்று கோடு கிழித்துவிட்டால், அவசரத்துக்கு அந்தக் கோட்டை எப்படித் தாண்டுவது?

"கியர் வண்டி எனக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கொழுந்தனிடம் கேட்டேன்.

"கியர் ஒண்ணுமே இல்லீங்க அண்ணி. கிளட்ச்தான் எல்லாம்" என்றார்.

அது என்ன கிளட்ச்? தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். பாபினில் நூல் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்துகிறோம் அல்லவா? கால் மிதிக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் ஆடாமல் நிற்கிறது. திருகை இறுக்கினால் ஊசியும் சேர்ந்து ஓடுகிறது. எங்கள் தறியிலும் அதே கதைதான். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஹேண்டிலைப் போட்டால்தான் தறி ஓடும். ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு ஏற்பாடு. அவ்வளவுதான் கிளட்ச்.

பைக்கில் இதற்கென்று வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக எண்ணெயில் ஊறிக்கொண்டு இருக்கின்றன. ஸ்பிரிங் அவற்றை அழுத்திச் சேர்த்து வைத்திருக்கிறது. இடது கையால் லீவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகுகிறது, தகடுகள் பிரிகின்றன. மெல்ல விட்டால் முதலில் உரசி, வழுக்கி, பிறகு ஒட்டிக்கொள்கின்றன. அந்த உரசுகிற இடத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறார்கள். மொபெட்டில் இந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கட்டைகள் ராட்டினத்தில் தொட்டில் விரிகிற மாதிரி தாமாகவே வெளியே விரிந்து பிடித்துக்கொள்ளும். அங்கே மெஷின் செய்வதை இங்கே நம் விரல் செய்ய வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கூடுதலாக ஒரு குறும்பு உண்டு. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி வண்டிகளை இன்றைக்கும் பையன்கள் தேடித் தேடி வாங்குகிறார்களே, அந்தத் துள்ளலுக்காகத்தான். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் பெட்ரோல் வெடிக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம். ஆனால் சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மெதுவாகச் சுற்றும்போது தெம்பு போதாது. வேகம் ஏறியதும் திடீரென்று பொங்கும். புதிதாகப் பழகுகிறவள் என்ன செய்கிறாள்? கொஞ்சமாக முறுக்குகிறாள், வண்டி அணைந்துவிடுகிறது. கோபத்தில் அதிகமாக முறுக்குகிறாள், வண்டி பாய்ந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் கிளட்ச்.

முதல் காரியமாக கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். எடுத்தேன். கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் இருந்தால் கியர் வண்டிக்குச் செல்லாது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்த பிறகுதான் டெஸ்டுக்குப் போகலாம்.

பாடம் நடந்தது கடலை பிடுங்கிய எங்கள் காட்டில். பொலபொலவென்று செம்மண். "ரோட்டுல வேண்டாங்க அண்ணி. மண்ணுல விழுந்தா தட்டி விட்டுட்டு எந்திரிச்சுக்கலாம்" என்றார் கொழுந்தன். செல்போனில் ஒரு படமும் காட்டினார். பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019-ல் பாஜா உலகக் கோப்பைப் பந்தயத்தில் மகளிர் பிரிவில் முதலாவதாக வந்தவர். உடம்பெல்லாம் புழுதி! "உலகக் கோப்பைக்கும் மண்ணுதான், நமக்கும் மண்ணுதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

முதல் நாள் இன்ஜினையே போடவில்லை. கியரைப் போட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார். அசையவில்லை. லீவரைப் பிடித்துக்கொண்டு தள்ளச் சொன்னார். வழுக்கிக்கொண்டு போனது. கையை மெல்ல விட்டேன். ஒரு இடத்தில் யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது. "அந்த இடந்தானுங்க அண்ணி. அதை விரல் ஞாபகம் வச்சுக்கணும்." அன்றைக்கு இருபது தடவை அதே வேலை. நூறு கிலோ கனத்தைத் தாங்கிப் பிடிக்கவும் அதிலேயே பழக்கம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் இன்ஜினைப் போட்டோம். முதல் கியர். லேசாக முறுக்கிச் சத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு லீவரை விட வேண்டும். நாலு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை எரிச்சலில் வெடுக்கென்று விட்டேன். அவ்வளவுதான்! வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. சாயும்போது வலது கை என்னை அறியாமல் இன்னும் முறுக்கியது. கத்திக்கொண்டே போய் வரப்பில் இடித்துச் சோளத்தட்டைப் போரில் விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. மானமும் கொஞ்சம் சிராய்த்தது.

மாமியார் ஓடி வந்தார். "உனக்கு எதுக்கு அம்மிணி இந்த ஆம்பளை வண்டி? கையி காலு போனா புள்ளையை யாரு பாக்கறது?" என்று ஒரே சத்தம்.

கொழுந்தன் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "அண்ணி, பயந்தீங்கன்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இடது கையில கிளட்ச்சைப் பிடிச்சிருங்க. மத்ததெல்லாம் அப்புறம். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் கத்தட்டும். சக்கரத்துக்குப் போகாது. அப்புறம் ஆற அமர முறுக்கை விட்டு பிரேக்கைப் பிடிச்சுக்கலாம்."

பயந்தால் இடது கை! எத்தனை பெரிய பாடம் என்று நினைக்கிறீர்கள்? மொபெட்டில் பழகிய என் பயமெல்லாம் வலது கையில் இருந்தது. பிறகு ஒரு நாள் முழுக்க வேறு ஒன்றும் செய்யவில்லை. பத்தடி நகர்வது, அவர் "பயம்!" என்று கத்துவது, நான் லீவரைப் பிடிப்பது. பிடித்ததும் பயம் போய்விடுகிறது. சத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிடிக்க வந்துவிட்டது. விடத்தான் வரவில்லை. உரசுகிற இடம் வரை மெல்ல வருவேன். வந்ததும், "அப்பாடா, கிடைத்துவிட்டது" என்று மிச்சத்தைச் சட்டென்று விட்டுவிடுவேன். மறுபடி துள்ளல்தான். ஒரு வாரமாகியும் இதே அவஸ்தை.

வேப்பமரத்தடியில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு தினமும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "அம்மிணி, இவனுக்கு நடை பழக்கினயே, அப்ப கையை எப்படி விட்டே? வெடுக்குனா விட்டே? ஒரு விரலைப் பிடிச்சுட்டே கூட நாலு எட்டு நடந்தயே. அவன் நடக்கறான்னு தெரிஞ்சப்பறந்தானே விட்டே? அதே மாதிரி விடு."

மோட்டார் சைக்கிள் பக்கமே போகாத மனுஷி சொன்ன பாடம் அது. உரசுகிற இடம் வந்ததும் விடவில்லை. அங்கேயே பிடித்துக்கொண்டு வண்டியோடு நாலடி போனேன். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மி ஆகி, மறுபடி தெளிந்தது. சக்கரம் தானாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு மிச்சத்தை விட்டேன். துள்ளல் இல்லை, அணையவும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வண்டி கிளம்பியது. காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினேன். "ஆம்பளை வண்டி" என்று திட்டிய அதே மாமியார் முகத்தில் அன்று பார்க்க வேண்டுமே பெருமையை!

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக வந்தது. மேட்டில் நிறுத்திக் கிளப்புவதற்கு ஒரு யுக்தி. வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். லேசாக முறுக்கி, கிளட்ச்சை உரசுகிற இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். வண்டி பின்னால் உருளாது. டெஸ்டில் எட்டு போடுவதற்கும் இதே வித்தைதான். காலை ஊன்றாமல் மெதுவாகத் திரும்ப வேண்டும். முறுக்கை விட்டு விட்டுப் பிடித்தால் வண்டி தள்ளாடும். முறுக்கைச் சீராக வைத்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்ச்சாலும் பின் பிரேக்காலும் அடக்கினால் எட்டு கோலம் போட்ட மாதிரி வரும். சங்ககிரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் போட்டேன்.

ஆம்பளை வண்டி, பொம்பளை வண்டி என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத் அம்மையார். எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ஏன் தெரியுமா? முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! எது கையில் கிடைத்ததோ அதை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்களைவிட எனக்கு என்ன கஷ்டம்?

நீங்களும் பழக ஆசைப்பட்டால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில குறிப்புகள்:

லீவர் கைக்கு எட்டாமலோ ரொம்பக் கனமாகவோ இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் கேபிளுக்கு எண்ணெய் விட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள். லீவர் முனையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தளர்ச்சி இருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்காரர்களுக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி வருவது சகஜம். குழந்தையைத் தூக்கித் தூக்கி வருவது அது. அந்த வலியோடு கிளட்ச் பழகினால் அதிகமாகும். முதலில் வலிக்கு வைத்தியம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிக்கர் உதைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் பழகவே வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எப்போதும் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டாதீர்கள். தகடு சூடேறித் தேய்ந்துவிடும். கிளப்பவும் மெதுவாகத் திரும்பவும் மட்டுமே ஹாஃப் கிளட்ச்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு எண்ணெயையும் எரிப்பதால் புகை அதிகம். கதவை மூடிய ஷெட்டிலோ நடையிலோ ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. உயிருக்கே ஆபத்து.

சைலன்ஸர் சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

புடவையானால் முந்தானையை இழுத்துச் செருகுங்கள், சுடிதாரானால் துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. சொந்தக் காட்டில் பழகினாலும் தலையில் ஹெல்மெட்.

கடைசியாக முக்கியமான ஒன்று. குழந்தைக்கு வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் வண்டி ஓட்டத் தெரியும் என்கிற தைரியத்தில் தனியாகத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி ஓட்டுகிற கையால் குழந்தையைக் கவனிக்க முடியாது. நம் வண்டி மருந்து வாங்கப் போகத்தான்.

இந்த வருஷத் தைப்பூசமும் வந்தது. என் வீட்டுக்காரர் காவடி எடுத்துக் கிளம்பினார். போகும்போது, "சாவி ஆணியில மாட்டியிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வருஷம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு வாசலில் பௌர்ணமி நிலா காய்ந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது. அலமாரியில் புது சிரப் பாட்டில் இருந்தது. பையனுக்குக் காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வண்டியை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் வண்டி எது, சகோதரிகளே? எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.